கலா உட்கார்ந்திருந்த கை

"ஆறு மாசமா தேடுறோம் மிஸி. நீங்க இங்கயா இருந்தீங்க?"

மாரிமுத்து என்னிடம் பேசிய முதல் வாக்கியம் இதுதான். நான் என்னவோ அவருக்குப் பயந்து ஒளிந்திருந்த மாதிரி கேட்டார்.

எண்பதுகளின் தொடக்கம். மலேசியாவில், கிள்ளானில் ஓர் ஆஸ்பத்திரியில் நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். சுருக்கமாக ஓ.டி. நோயாளிகளுக்கு நர்சுகளைப் போல நானும் 'மிஸி'தான். பக்கவாதம் வந்தவர், கை நசுங்கியவர், பிறவியிலேயே கைகால் சரியாக வராத பிள்ளை, இவர்களுக்கெல்லாம் சட்டை போட, குளிக்க, சாப்பிட, எழுதப் பழக்கும் வேலை. இதை என் சொந்த அம்மாவுக்கே என்னால் புரியவைக்க முடியவில்லை. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் அவர் எல்லோரிடமும், "பிள்ளை இங்கிலாந்தில மூண்டு வருசம் படிச்சவள், இப்ப ஆஸ்பத்திரியில பொத்தான் பூட்டிக் குடுக்கிறாள்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மறுக்கவும் முடியாது. அன்று காலைகூட இரண்டு பேருக்குப் பொத்தான் பூட்டத்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

என் அறை எக்ஸ்ரேக்குப் பின்னால், சலவைத் துணி வண்டிகள் நிற்கும் நடையின் கடைசியில் இருந்தது. பெயர்ப்பலகை கேட்டு மூன்று முறை எழுதிப்போட்டேன். பலகை வந்தது, ஆணி வரவில்லை.

தேடல்

மாரிமுத்து கேரி தீவில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுநர். மனைவி ஜெயா. ஒரே மகள் கலாவுக்கு ஆறு வயது. பிறக்கும்போதே மூளைக்கு அடிபட்டு, வலது கை மடங்கி, விரல்கள் இறுகிப் போயிருந்தன. வலது காலைச் சற்று இழுத்து நடப்பாள். வாய் மட்டும் எட்டூருக்குக் கேட்கும்.

பந்திங்கில் ஒரு சின்சேயிடம், அதாவது சீன வைத்தியரிடம், காட்டினார்கள். மலாய்க் கிராமம் ஒன்றில் மந்திரிக்கும் போமோ ஒருவர் எலுமிச்சம்பழம் ஓதிக் கொடுத்தார். சாமியாடி ஒருவர் மூன்று வெள்ளிக்கிழமை வரச் சொன்னார். பிறகு யாரோ சொன்னார்கள் என்று பிரிக்பீல்ட்ஸில் கண் தெரியாத மசாஜ்காரர் ஒருவரிடம் போனார்கள். அவர் கலாவின் கையைத் தோளிலிருந்து விரல் வரை மெதுவாகத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னாராம்:

"இது என் வேலை இல்ல தம்பி. இதுக்கு ஓ.டி.ன்னு ஒருத்தங்க இருப்பாங்க. நீங்க எங்கேருந்து வர்றீங்க? கேரி தீவா? ஐயோ, கிள்ளான்லயே இருக்காங்களே! எக்ஸ்ரேக்குப் பின்னாடி போய்ப் பாருங்க."

கண் உள்ள யாருக்கும் தெரியாத என் அறை அவருக்குத் தெரிந்திருந்தது. மாரிமுத்துவோ வாரத்துக்கு இரண்டு முறை அந்த ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி லோரி ஓட்டியவர். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்பார்களே, அந்தக் கதைதான்.

"சரி, இப்ப என்ன செய்யணும்?" என்று கேட்டேன்.

"ஸ்கூல்ல சேர்க்கணும் மிஸி," என்றாள் ஜெயா. "ஜனவரியில முதலாம் ஆண்டு. ஹெட்மாஸ்டர் ஒரே பிடியா நிக்கிறாரு. ஓய்வு நேரத்துல தானா சாப்பிடணுமாம். ஊட்டிவிட ஆள் இல்லையாம்."

"நான் ஸ்கூல் போவேன்," என்றாள் கலா. "பேக்கு வாங்கியாச்சு."

கஸ்டர்ட்

இடது கை நல்ல கை. பிறகென்ன, இடது கையில் கரண்டி. இங்கிலாந்தில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். சின்னக் கைக்குப் பிடிமானம் வேண்டும் என்றதும், மாரிமுத்து தன் சைக்கிள் ஹேண்டில் ரப்பரை அறுத்துக் கொண்டுவந்து கரண்டிக் காம்பில் மாட்டிக்கொடுத்தார். நாற்காலி, மேசை, வழுக்காத கிண்ணம், அதில் கஸ்டர்ட் என்கிற இனிப்புக் கூழ். நான் படித்த புத்தகத்தில் கஸ்டர்ட்தான் போட்டிருந்தது.

கலா கெட்டிக்காரி. எட்டாவது வாரம் ஒரு சொட்டுச் சிந்தாமல் கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டாள். 'தானாகவே சாப்பிடுகிறாள்' என்று கடிதம் எழுதி, ஆஸ்பத்திரி முத்திரை குத்தி, என் கையெழுத்தைக் கொஞ்சம் பெரிதாகவே போட்டுக் கொடுத்தேன். அந்தக் கையெழுத்தை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

நவம்பரில் பள்ளிக்குப் போனார்கள். தலைமையாசிரியர் கேண்டீனிலிருந்து நாசி லெமாக், அந்தத் தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலம் ஒன்றை வரவழைத்துப் பிரித்து வைத்தார். கலா அதைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்தாள். கரண்டியைத் தொடவே இல்லை.

"ஆஸ்பத்திரியில ஒண்ணு எழுதுறாங்க, இங்க ஒண்ணு நடக்குது," என்று சொல்லி அவர் என் கடிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆனாலும் நல்ல மனுஷன். "டிசம்பர் கடைசியில இன்னொரு தடவை கூட்டிட்டு வாங்க. அப்பவும் முடியலன்னா அடுத்த வருசம் பார்க்கலாம்" என்றாராம். அடுத்த வருசம் என்று தள்ளிப்போன பிள்ளைகள் பலர் வீட்டோடு நின்றுவிட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

மாரிமுத்து கோபப்படவில்லை. "இங்க நல்லாத்தான் தின்னா, இல்ல மிஸி?" என்று மட்டும் கேட்டார். அதற்கு அவர் நாலு திட்டுத் திட்டியிருக்கலாம்.

கேரி தீவு

அடுத்த சனிக்கிழமை அவர் லோரியிலேயே ஏறி அவர்கள் வீட்டுக்குப் போனேன். சேலை முழுக்கச் செம்பனை எண்ணெய் வாசம்.

மதியம் தரையில் பாய் விரித்தார்கள். ஜெயா சோறும் மீன் கறியும் போட்டு மங்குத் தட்டைக் கலா முன்னால் வைத்தாள். கலாவின் இடது கை தானாகவே தொடைக்கு அடியில் போனது. அதன் மேல் அழுந்த உட்கார்ந்துகொண்டு வாயைத் திறந்தாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "கையை ஏன் அங்க வைக்கிற?"

"சோறு சாப்பிடுறப்ப பீச்சாங்கை வெளிய வரக் கூடாது," என்று கலா எனக்குப் பாடம் சொன்னாள். "அம்மா அடிக்கும்."

மூன்று வயதிலிருந்தே அப்படித்தான் பழக்கியிருக்கிறார்கள். என் அறையில் இருந்தது நாற்காலி, மேசை, மஞ்சள் கூழ். அது அவளுக்குச் சாப்பாடே இல்லை, ஒரு விளையாட்டு. சோறு என்றால் கை தொடைக்கு அடியில். எட்டு வாரத்தில் ஒரு நாள்கூட, வீட்டில் எப்படிச் சாப்பிடுவாள் என்று இந்த மகாராணி கேட்கவில்லை. நானும் தமிழ்ச்சிதான், தினமும் சோறு தின்பவள்தான். கேட்கத் தோன்றவில்லை.

"இடது கையாலயே சாப்பிடட்டும் ஜெயா," என்றேன்.

அவள் முகம் மாறியது. "சொல்லிட்டுப் போயிருவீங்க மிஸி. நாளைக்கு ஒரு கல்யாண வீட்டுல இலைக்கு முன்னாடி உட்கார்ந்து பீச்சாங்கையால அள்ளித் தின்னா, பக்கத்து இலைக்காரங்க எந்திரிச்சுப் போயிருவாங்க. பொட்டப்புள்ள. ஏற்கனவே ஒரு கை இல்லைங்கிறாங்க. பழக்கமும் இல்லைன்னு சொல்லணுமா?"

மாரிமுத்து இடையில் புகுந்தார். "நான் எந்தக் கையால கியர் போடுறேன்? இடது கைதானே? லோரி ஓடலையா?"

"நீங்க கியரையா திங்குறீங்க?" என்றாள் ஜெயா.

மனுஷன் மீன் முள்ளை எடுக்கக் குனிந்துகொண்டார். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அன்று நான் வற்புறுத்தியதால் கலா இடது கையை வெளியே எடுத்துச் சோற்றில் வைத்தபோது, ஒரு நொடி என் முகமும் சுளித்தது. ஜெயா பார்த்துவிட்டாள். "பார்த்தீங்களா?" என்றாள். அவ்வளவுதான், என் இங்கிலாந்துப் படிப்பு கப்பலேறிப் போனது.

அதற்குப் பிறகுதான் நாங்கள் இரண்டு பேரும் ஒழுங்காகப் பேசினோம். கரண்டி இருந்தால் கை சோற்றில் படாது, அதனால் கரண்டி சரி என்று ஜெயா இறங்கிவந்தாள். சாப்பிடுமுன் சோப்பு போட்டு இரண்டு முறை கழுவ வேண்டும் என்று அவள் சொன்னாள், நான் ஒத்துக்கொண்டேன். இனி கஸ்டர்ட் கிடையாது. மூன்று வேளையும் சோறு, அதே பாய், அதே மங்குத் தட்டு. கையைத் தொடைக்கு அடியிலிருந்து எடுக்க வைப்பதை ஜெயா பார்த்துக்கொள்வாள் என்றோம். பூட்டியவள்தானே திறக்க வேண்டும்.

கேண்டீன்

டிசம்பர் கடைசி. இந்த முறை நானும் போனேன். விடுமுறை என்பதால் கேண்டீனில் எங்களையும் இரண்டு சமையல் அக்காமாரையும் தவிர ஆள் இல்லை. தலைமையாசிரியர் பழையபடி நாசி லெமாக்கைப் பிரித்து வைத்தார். பக்கத்தில் ரப்பர் போட்ட கரண்டி.

கலா சோற்றைப் பார்த்தாள். தலைமையாசிரியரைப் பார்த்தாள். இடது கை மெல்லத் தொடைக்கு அடியில் போனது.

"வீட்டுல சாப்பிட்டா சார், சத்தியமா சாப்பிட்டா," என்றார் மாரிமுத்து. இன்னொரு வருசம் போச்சு என்றே நினைத்தேன்.

அப்போது ஜெயா எழுந்து போய் இன்னொரு பொட்டலம் வாங்கிவந்து, மகளுக்கு எதிரே உட்கார்ந்தாள். தன் வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்தாள். பிறகு எங்கள் எல்லோர் முன்னாலும் இடது கையைச் சோற்றில் வைத்துப் பிசைந்தாள். கரண்டிகூட இல்லை. வெறும் கை.

சமையல் அக்கா ஒருவர் "அய்யய்யே" என்றார். ஜெயா திரும்பிப் பார்க்கவில்லை. அள்ளினாள். பாதி வாய்க்கு, பாதி மடிக்கு. நெத்திலி ஒன்று கன்னத்தில் ஒட்டிக்கொண்டது. அவள் கண்ணில் நீர் நின்றது. சம்பல் காரமா வேறு ஏதாவதா என்று நான் கேட்கவில்லை.

கலா சிரித்துவிட்டாள். "அம்மா, கொட்டுற! அப்படி இல்லலா, இப்படி!"

கை வெளியே வந்தது. கரண்டியைப் பிடித்தாள். அள்ளி, தூக்கி, வாயில் போட்டு, அம்மாவைப் பார்த்துக்கொண்டே மென்றாள். பொட்டலம் முடியும்வரை பாடம் நடத்திக்கொண்டே தின்றாள்.

தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பிள்ளைக்கு முதலாம் ஆண்டுல இடம் இருக்கு," என்றார். "அம்மாவுக்குத்தான் இன்னும் ஒரு வருசம் பழக்கம் வேணும் போல."

புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: புத்தகத்தை அப்புறம் திறங்கள். முதலில் அந்த வீட்டில் ஒரு வேளை சாப்பிடுங்கள்.

அடுத்த வருசம் ஜெயா கலாவின் எழுத்து நோட்டைக் காட்ட வந்தாள். கிளம்பும்போது, "வீட்டுல இப்பவும் அவகூட பீச்சாங்கையாலதான் சாப்பிடுறேன் மிஸி," என்றாள். "எனக்குத்தான் இன்னும் சரியா வரல. பாய் பூரா சோறு."

மாரிமுத்து ஊரெல்லாம் ஆறு மாதம் தேடிய ஓ.டி., ஜெயா, அவர் வீட்டுப் பாயிலேயே உட்கார்ந்திருந்தாள். எக்ஸ்ரேக்குப் பின்னால் இருந்தவள் கஸ்டர்ட் கிண்டிக்கொண்டிருந்தாள்.