ஆயுத பூஜையன்று அணைந்த கம்ப்யூட்டர்

எனக்கு வயது எழுபத்தொன்று. பெற்று வளர்த்தது நான்கு பேரை. கடைசிப் பெண் பல்கலைக்கழகத்தில் புதிதாக ஓர் ஆராய்ச்சிப் பிரிவைத் தொடங்கியிருக்கிறாள். உடம்புக்குள் எந்தப் புரதம் எதனோடு சேர்ந்து நோயைக் கிளப்புகிறது என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுப் பார்க்கும் வேலை. எலியும் இல்லை, குப்பியும் இல்லை. ஒரு பெரிய கம்ப்யூட்டர், இரண்டு மாணவிகள், அவ்வளவுதான்.

ஆயுத பூஜைக்குப் பொரி, சந்தனம் எல்லாம் எடுத்துக்கொண்டு மூத்தவனோடு அங்கே போனேன். அவன் தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டையில் ஃபிட்டர். ஓடுகிற மெஷினுக்குப் பொட்டு வைக்கக் கூடாது என்பது அவன் கம்பெனி வழக்கம். மகளும் மாணவிகளும் டீ குடிக்கப் போன நேரத்தில் மெயினை அணைத்துவிட்டான். நான் நிதானமாகப் பொட்டு வைத்தேன்.

திரும்பி வந்த மாணவிகள் அலறினார்கள். பல நாளாக ஓடிய கணக்காம். அடுத்த வாரம் அதிகாரிகள் வந்து அதன் முடிவைப் பார்த்தால்தான் பிரிவு நீடிக்குமாம்.

"இன்னாண்ணா பண்ணிக்கினு கீற?" என்றாள் மகள்.

"இன்னிக்கு ஒரு நாளு அதுக்கும் லீவு வோணாமா?" என்றான் அவன்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நீங்க வரீங்கன்னதுமே எல்லாத்தையும் சேவ் பண்ணி வெச்சிட்டேம்மா. நம்ம ஊட்டு ஆளுங்கள எனக்குத் தெரியாதா?"

அதிகாரிகள் வந்தார்கள், பார்த்தார்கள், சரி என்றார்கள். கம்ப்யூட்டரில் என் பொட்டு அப்படியே இருந்ததாம். பின்னே, சும்மாவா சரி என்பார்கள்?

"இந்தா கண்ணு, பாட்டி சொல்லச் சொல்ல நீ இன்னா எழுதிக்கீறேன்னு ஒரு தபா படி. உன் அத்தை காதுலயும் விழட்டும்."