ஹாடக் விட்டுவிட்டுப் போன சமையல்காரன்

என் தம்பி லெமுவேல் டாலிவர் ஒரு மனிதனைக் கொன்றவன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு மறைத்தேன் என்று யாரும் சொல்லக்கூடாது. 1951-இல் ஒரு சனிக்கிழமை, சாராயக் கடையில் சீட்டாடிக்கொண்டிருந்தபோது சண்டை வந்து பர்விஸ் என்பவனைக் கத்தியால் குத்திவிட்டான். பர்விஸின் அம்மாவும் நானும் ஒரே சர்ச்சுக்குப் போகிறவர்கள். அவள் முகத்தை நேராகப் பார்க்க எனக்கு இன்றுவரை தைரியம் வரவில்லை. லெமுவேலுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. சிறைப் பண்ணையில் பருத்தி எடுத்தான், பிறகு அங்கேயே சமையல்கட்டுக்கு மாறினான். அதுவரை எனக்கு யார்மேலும் கோபமில்லை. செய்ததற்கு அனுபவிக்கிறான் என்று இருந்தேன்.

என் கோபமெல்லாம் ராய்ஸ் ஹாடக் மேல்தான்.

ஹாடக் உரக்கடைக்காரர் ஒருவரின் மகன். வக்கீலுக்குப் படித்து, அரசு வக்கீலாகி, நாற்பத்தொரு வயதில் கவர்னர் தேர்தலில் நின்றான். போகிற ஊரிலெல்லாம் தொப்பியைக் கழற்றிவிட்டு, நான் மோர் ரொட்டி தின்று வளர்ந்த பட்டிக்காட்டான் என்று பேசுவான். கேட்டவர்கள் மயங்கி ஓட்டுப் போட்டார்கள். கறுப்பர்களாகிய எங்களில் முக்கால்வாசிப் பேருக்கு அப்போது ஓட்டே கிடையாது, ஆகவே அந்தப் பாவம் எங்களைச் சேராது.

எங்கள் மாநிலத்தில் கவர்னர் மாளிகையின் வீட்டு வேலைக்குக் கைதிகளைத்தான் கொண்டுவருவார்கள். சமைப்பது, காரோட்டுவது, தோட்டம் பார்ப்பது, பரிமாறுவது, எல்லாம் நன்னடத்தைக் கைதிகள். கூலி கிடையாது. ஆனால் ஒரு வழக்கம் இருந்தது. கவர்னர் பதவி முடிந்து போகிற அன்று, தனக்கு உழைத்தவர்களை வரிசையாக நிற்கவைத்து, கைகுலுக்கி, மன்னிப்புப் பத்திரத்தைக் கொடுத்துவிட்டுத்தான் வாசல்படி இறங்குவார். சட்டத்தில் எங்கும் எழுதியிருக்கவில்லை. ஆனாலும் மீறியவர்கள் இல்லை.

1964-இல் ஹாடக் பதவியேற்றதும் லெமுவேலை மாளிகைக்குக் கொண்டுவந்தார்கள். எல்லாரும் எங்களுக்கு அதிர்ஷ்டம் அடித்துவிட்டது என்றார்கள். பண்ணையிலிருப்பவனை விடுதலைக் குழு என்றாவது கூப்பிட்டு விசாரிக்கும். மாளிகைக்கு வந்துவிட்டால் கூப்பிடாது, அவன் கவர்னர் பொறுப்பு. நாலு வருடம்தானே, கவர்னரே விட்டுவிடுவார் என்று நானும் நம்பினேன். ஞாயிறுதோறும் பின்வாசல் வழியாகப் போய்ப் பார்ப்பேன். மாவில் மோர் ஊற்றி, விரல் நுனியால் மட்டும் பிசைந்து அவன் சுட்டெடுக்கிற ரொட்டி பஞ்சு மாதிரி இருக்கும். ஹாடக் ஒரே வேளையில் எட்டு ரொட்டி தின்பானாம். அந்தக் கைப்பக்குவமே என் தம்பிக்கு எமனாக வரும் என்று யார் கண்டது?

எங்கள் மாநிலத்தில் ஒருவர் அடுத்தடுத்து இரண்டு தடவை கவர்னராக இருக்க முடியாது. நாலு வருடம் விலகியிருந்துவிட்டு மறுபடி நிற்கலாம். 1968 ஜனவரியில் ஹாடக் இறங்குகிற நாளன்று, லெமுவேலுக்குப் புது கோட்டும் காலணியும் எடுத்துக்கொண்டு பின்வாசலில் நின்றேன். காரோட்டி பத்திரத்தோடு வந்தான். தோட்டக்காரன் வந்தான். பரிமாறுகிறவன் அழுதுகொண்டே வந்தான். என் தம்பி வரவில்லை.

ஹாடக்கே சமையல்கட்டுக்கு வந்தான். அவன் பேசியது கதவருகில் நின்ற என் காதில் விழுந்தது.

"லெம்மு, மனசுல ஒண்ணும் வச்சுக்காதப்பா. நாலே வருஷம், திரும்பி வந்துடுவேன். நீ போயிட்டா அந்த ரொட்டிய எனக்கு யாரு சுடுவா?"

லெமுவேல் தலையாட்டினான். வேறென்ன செய்வான்? ஹாடக் அவன் தோளைத் தட்டிவிட்டு, வெளியே வந்து என்னைப் பார்த்து, உன் தம்பி தங்கமான ஆள் என்றான். தங்கம் என்றுதானே பெட்டியில் வைத்துப் பூட்டினான் பாவி. அந்தக் கோட்டை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

அடுத்து வந்த கவர்னர் டில்மன் கேட்ஸ் நல்ல மனிதர் என்று பெயர் எடுத்தவர். லெமுவேலிடம், என் கடைசி நாளில் உன்னை விட்டுவிடுவேன் என்று அவரே சொல்லியிருந்தார். ஆனால் 1971 தேர்தலில் ஹாடக் மறுபடி ஜெயித்துவிட்டான். ஜெயித்த வாரமே கேட்ஸுக்குப் போன் போட்டு, என் சமையல்காரன்மேல் கைவைக்காதீர்கள் என்றானாம். கேட்ஸ் சரி என்றுவிட்டார். கெட்டவனையாவது சபிக்கலாம். இந்த மாதிரி நல்லவர்களை என்ன செய்வது?

ஹாடக் மறுபடி பதவியேற்கிற அன்று காலை, நாற்பது பேருக்கு மாளிகையில் விருந்து. பழைய ரொட்டி திரும்பக் கிடைக்கும் என்று பத்திரிகைக்காரர்களிடம் வேறு சொல்லி வைத்திருந்தான். நாற்பது பேரும் உட்கார்ந்தார்கள். தட்டு வந்தது, கரண்டி வந்தது, வேறெதுவும் வரவில்லை. லெமுவேல் அடுப்பையே பற்றவைக்கவில்லை. சட்டிகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். நடந்ததை அன்று பரிமாற வந்திருந்த பையன் வரிக்கு வரி எனக்குச் சொன்னான்.

ஹாடக் உள்ளே வந்து, "என்னப்பா லெம்மு, உடம்புக்கு முடியலையா?" என்றான்.

"உடம்பு நல்லாத்தான் இருக்கு ஐயா. என்னைப் பண்ணைக்கே அனுப்பிடுங்க."

"அங்க போனா மறுபடி பருத்தி எடுக்கணும். இந்த வயசுல முதுகு ஒடிஞ்சுரும். புரியுதா?"

"புரியுது. ஆனா அங்க நான் கைதி. கைதிக்கு என்னைக்காவது விடுதலை உண்டு. இங்க நான் உங்க வீட்டுச் சாமான். சாமானுக்கு ஏது ஐயா விடுதலை?"

அன்று மாலையே பண்ணை லாரியில் ஏற்றிவிட்டார்கள். விஷயம் தெரிந்ததும் எனக்கு ஹாடக்கைவிட லெமுவேல்மேல்தான் ஆத்திரம் பொங்கியது. ஞாயிறன்று போய்க் கம்பிக்கு இந்தப்புறம் நின்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். இன்னும் நாலு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கக் கூடாதா என்றேன். விரலெல்லாம் காய்ந்த பருத்திச்செடி கிழித்த கீறலோடு அவன் நின்றான். நாலு வருஷம் கழிச்சு ஹாடக் என்னைப் பூட்டி வச்சுட்டுப் போய் மறுபடி வரமாட்டான்னு உனக்கு எவன்க்கா சொன்னான் என்று கேட்டான்.

இரண்டு வருடம் கழித்து விடுதலைக் குழு அவனைக் கூப்பிட்டது. வெளியே ஒரு முதலாளி வேலை தருவதாக எழுதிக் கொடுத்தால்தான் விடுவார்கள். நான் ஊரிலிருந்த மர அறுவை மில்களில் எல்லாம் ஏறி இறங்கி, கடைசியில் பூன் என்கிற கிழவரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு விசாரணைக்குப் போயிருந்தேன். அதைக் கையில் எடுப்பதற்குள் குழுத் தலைவர் சிரித்தபடி இன்னொரு கடிதத்தைக் காட்டினார். கவர்னரே எழுதியிருந்தான். தன் சொந்த வீட்டில் சமையல் வேலை, சாப்பாடு, தங்க இடம், நல்ல சம்பளம். எவ்வளவு பெரிய மனசு பார் என்றார் தலைவர்.

லெமுவேல் கடிதத்தைத் தொடவில்லை. கவர்னர் வீட்டுக்குப் போவதென்றால் பண்ணைக்கே திரும்பிப் போகிறேன் என்றான். நான் எழுந்து பூன் கடிதத்தை மேசைமேல் வைத்தேன். மரத்தூள் அள்ளுகிற வேலை, கவர்னர் சொன்னதில் பாதிச் சம்பளம். தலைவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏப்பா, உனக்குப் பைத்தியமா? கவர்னர் வேலை தர்றேங்கிறார், நீ மரத்தூள் அள்ளப் போறேங்கிற?"

"ஆமாங்க. பூன் மில்லுல சாயங்காலம் ஆனா வீட்டுக்குப் போகலாம்."

தலைவர் கவர்னர் கடிதத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, பூன் கடிதத்தைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு பேனாவை எடுத்தார்.