கோரம் இல்லாத ஞாயிறு

"கோரம் இல்லை, ஐயா" என்றார் ஒருங்கிணைப்பாளர்.

சென்ற ஞாயிறு முற்பகல், கோவில்பட்டியில் ஒரு பள்ளியின் வகுப்பறை. பணிக்காலம் முழுவதும் தமிழ் கற்பித்துப் பழகிய செவி என்னுடையது. கோரம் என்றால் அதற்கு அச்சந்தரும் தோற்றம் என்றுதான் பொருள். அது இல்லையெனில் மகிழ வேண்டியதுதானே? ஆனால், அவரோ வருகைப் பதிவேட்டை மூடிக்கொண்டிருந்தார். ஒரு கூட்டம் நடைபெற எத்தனை பேர் இருந்தாக வேண்டுமோ, அந்தக் கீழ்வரம்பைத்தான் ஆங்கிலத்தில் அப்படிச் சொல்கிறார்கள். எங்கள் வகுப்புக்கு அது மூன்று. அன்று நாங்கள் இருவர்.

கோரம் இல்லாமற்போவதும் ஒருவகைக் கோரந்தான்… அது அப்போதுதான் விளங்கிற்று.

ஓய்வுபெற்ற தமிழாசிரியனுக்கு வகுப்பறையில் — அதுவும் மாணவர் இருக்கையில் — என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். அஞ்சல்வழியில் அரசியல் அறிவியல் இளங்கலை பயில்கிறேன். இறுதியாண்டு. ஞாயிறுதோறும் நேர்முக வகுப்பு.

சேர்ந்த புதிதில் இச்செய்தி எங்கள் தெருத் தேநீர்க் கடைக்கு எப்படியோ போய்ச் சேர்ந்துவிட்டது.

"தமிழய்யா, அரசியல்ல எறங்கிட்டியளாமே! ஒரு வார்த்த சொல்லலியே. எந்தக் கட்சி?" என்றார் கடைக்காரர்.

"கட்சி எதுவும் இல்லை, அண்ணாச்சி."

"ஓ… சுயேச்சையா!"

மறுத்துரைக்க வாயெடுத்தேன். பின்னர் விட்டுவிட்டேன். துணைவியார் மறைந்த நாளிலிருந்து நான் வேறென்ன?

இந்த வயதில் எதற்குப் பட்டம் என்று கேட்போரிடம் அறிவு வேட்கை என்பேன். அது பொய்யன்று, ஆயினும் முழு மெய்யுமன்று. மெய்க்காரணம் ஞாயிற்றுக்கிழமை. ஏனைய நாள்களில் அஞ்சற்காரர் வருவார், வங்கிக்குப் போகலாம், வரிசையில் முன்னால் நிற்பவரிடம் வெயிலைப் பற்றி இரண்டு சொல் பேசலாம். ஞாயிறன்று? புனேயிலிருந்து மகன் தொலைபேசியில் அழைப்பான். "சாப்டாச்சாப்பா?" "ஆயிற்று." அதன்பின் இருவரும் சொற்களைத் தேடுவோம். அகராதியே மனப்பாடம் என்று பெயரெடுத்தவன் நான். அந்த இடைவெளியில் எனக்கு ஒரு சொல்லும் அகப்படுவதில்லை.

முதலாண்டில் வகுப்பறை கொள்ளாத கூட்டம். இரண்டாமாண்டில் இருக்கைகள் காலியாயின. இறுதியாண்டுக்கு எஞ்சியவர் மூவர்.

ஒருவர் காதர் பாய். கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருப்பவர். "மாப்பிள்ள வீட்ல, எம் பொண்ணு பி.காம்.னதும் சந்தோசப்பட்டாவ. வாப்பா என்ன படிச்சிருக்காவன்னாவ பாருங்க… நான் தண்ணி குடிக்கப் போற மாரி எந்திரிச்சுப் போயிட்டேன்" என்பார். இன்னொருவர் சீனியம்மாள், பசுவந்தனைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் ஊராட்சித் தலைவர். பெண்களுக்கென இடம் ஒதுக்கியபோது தேர்ந்தெடுக்கப்பட்டவர். ஆனால், ஊரார் 'தலைவர்' என்றழைப்பது அவருடைய கணவரை! அந்தத் 'தலைவர்' ஞாயிறுதோறும் மொபெட்டில் மனைவியைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, வெளியே வேப்பமர நிழலில் காத்திருப்பார்.

கட்டாயப் பாடங்கள் முடிந்து, விருப்பப் பாடத்தைத் தெரிவுசெய்யும் நாள் வந்தது. மூவரும் ஒரே பலகையில் அமர்ந்தோம். ஒருங்கிணைப்பாளர் இளைஞர், எப்போதும் அவசரத்தில் இருப்பவர்.

"மூணு ஆப்ஷனல் இருக்கு. மேலை அரசியல் சிந்தனை, பன்னாட்டு உறவுகள், உள்ளாட்சி. மூணு பேரும் ஒரே பேப்பர் எடுத்தாத்தான் கிளாஸ். ஆளுக்கொண்ணு எடுத்தா கோரம் கெடையாது. புஸ்தகம் போஸ்ட்ல வந்துரும். வீட்ல உக்காந்து படிச்சுக்கிட வேண்டியதுதான்."

வீட்டில் உட்கார்ந்தா? அதற்கா நான் இவ்வளவு தூரம் வந்தேன்?

"சார், இதுல எந்தப் புஸ்தகம் ஒல்லி?" என்றார் காதர் பாய்.

சீனியம்மாள் தயங்கவில்லை. "எனக்கு உள்ளாட்சிதான் வேணும். இத்தன நாளா அவிய 'இங்கன போடு'ங்காவ, நானும் கையெழுத்துப் போடுதேன். எதுல போடுதேன்னு தெரிய வேண்டாமா?"

காதர் பாய் மூன்று நூல்களையும் கையில் எடுத்து எடைபோட்டார். "உள்ளாட்சிதான் ஒல்லி. தங்கச்சி பக்கம் என் ஓட்டு."

நான் எதை விரும்பினேன் என்கிறீர்களா? மேலை அரசியல் சிந்தனையை. தனித்துத் திரிந்த மனிதன் ஏன் கூடி வாழத் தலைப்பட்டான் என்னும் வினாவிலிருந்து தொடங்கும் பாடம் அது. சேர்ந்த நாள் முதலாக அதன்மேல் கண் வைத்திருந்தேன். வீட்டில் தனியே அமர்ந்து, மனிதன் கூடி வாழ்ந்த கதையைப் படிப்பதா? அன்றி, கூடியிருந்து வேறொன்றைப் படிப்பதா?

"உள்ளாட்சியே ஆகட்டும்" என்றேன். பெயர்தான் விருப்பப் பாடம்!

பாடத்தை விட்டுக்கொடுத்தேன், சொல்லை விட்டுக்கொடுக்க மனம் ஒப்பவில்லை. "கோரம் என்பானேன்? குறைவெண் என்று அழகிய தமிழ்ச்சொல் இருக்கிறதே!" என்றேன். சீனியம்மாள் அதை நூலின் ஓரத்தில் எழுதிக்கொண்டார்.

"கொறவெண்ணா? எங்க கடைக் கல்லாவுக்கு இந்தப் பேர வைக்கலாம் போலருக்கே, ஐயா" என்றார் காதர் பாய்.

அதன்பின் வந்த ஞாயிறுகள் நல்ல ஞாயிறுகள். ஊராட்சித் தலைவரின் கடமைகளை ஒருங்கிணைப்பாளர் விரித்துரைப்பார், "இது நான் பாக்க வேண்டிய வேலையா! அவியல்லா பாக்காவ" என்று சீனியம்மாள் இடையிடையே வியப்பார். இடைவேளையில் காதர் பாயின் பையிலிருந்து கடலைமிட்டாய் வெளிவரும். என் பல்லுக்கு ஆகாது. ஆயினும், வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை.

இனி, சென்ற ஞாயிறு. மொபெட் வந்தது. பின்னிருக்கையில் சீனியம்மாள் இல்லை.

"தலைவரே, தலைவர எங்க?" என்றார் காதர் பாய்.

"அவ இன்னைக்கு வரமாட்டா, பாய். சொல்லிட்டு வாங்கன்னு என்னைய அனுப்பிட்டா. ஊர்க்கூட்டம் போட்டிருக்கா. ஞாயித்துக்கெழமன்னாத்தான் தீப்பெட்டி ஆபீசுக்குப் போற பொம்பளைய ஊர்ல இருப்பாவளாம்."

"நீங்க முன்னால நின்னு நடத்தலியா?"

"எங்க நடத்த! தலைவர் நாற்காலியில நான்தான் உக்காரணும், நீங்க கூட்டத்தோட உக்காருங்கன்னுட்டா. அதுக்கும் விடுதாளா? ஆளு பத்தல, வீடுவீடாப் போயிக் கூப்பிடுங்கன்னு வெரட்டுதா. என்னமோ கொறவெண்ணாம்ல!" என்று என்னைப் பார்த்தார். "நீங்க சொன்ன வார்த்தையாமே, ஐயா? நல்லா இருப்பிய!"

காதர் பாய் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு, வணிகருக்கே உரிய விரைவோடு, "அண்ணாச்சி, பேசாம நீங்க இங்கன வந்து உக்காருங்க. எங்களுக்கு மூணு ஆயிரும்" என்றார்.

"ஆள விடுங்க, பாய். எட்டாங் கிளாசுலயே தப்பிச்சு ஓடியாந்தவன் நான். அங்கன போயி ஆளு சேக்கணும், வாரேன்." மொபெட் புழுதி கிளப்பிக்கொண்டு போயிற்று.

அப்போதுதான் ஒருங்கிணைப்பாளர் பதிவேட்டை மூடினார். கோரம் இல்லை, ஐயா.

"ஒத்திவைப்பா, கலைப்பா?" என்றேன். இரண்டும் ஒன்றல்ல. ஒத்திவைத்த அவை மீண்டும் கூடும்; கலைத்த அவை கூடாது.

"ஆள் கொறஞ்சா மேல எழுதணும்னு ரூல், ஐயா. மூடினாலும் மூடிருவாங்க. எழுதுதேன், அவங்க என்ன சொல்லுதாங்களோ" என்றபடி வண்டியை முடுக்கினார்.

காதர் பாய் பையைத் திறந்தார். கடலைமிட்டாய்ப் பொட்டலம் முழுவதையும் என் கையில் வைத்தார். "ஞாயித்துக்கெழமதான், ஐயா, நமக்கு வியாபாரமே. தப்பா நெனைக்காதிய" என்றார், அவரும் போனார்.

பன்னிரண்டு கல்லுக்கு அப்பால், கரிசல் நடுவே ஓர் அவை நிறைந்துகொண்டிருந்தது. நான் தந்த சொல்லைக் கொண்டே ஆள் திரட்டுகிறார்கள். பெருமைதான், யார் இல்லையென்றார்? வெறும் இருக்கைகளுக்கிடையே நின்றுகொண்டு அந்தப் பெருமையை யாரிடம் சொல்வது என்றுதான் தெரியவில்லை. காவலாளி திறவுகோலோடு வாயிலில் வந்து நின்றார். வெளியே வந்தேன்.

வீட்டில் தொலைபேசி ஒலித்தது. "சாப்டாச்சாப்பா?" "ஆயிற்று." வகுப்பைப் பற்றி அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கடலைமிட்டாய்ப் பொட்டலத்தைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்தேன். மூவர் கூடும்போது பிரிக்கலாம்.

வகுப்பு நடக்கிறதோ இல்லையோ, வரும் ஞாயிறும் அங்கே போவதென்று தீர்மானித்தேன். எதிர்த்துப் பேச எவருமில்லை. என் வீட்டில் இப்போதெல்லாம் எல்லாத் தீர்மானங்களும் ஒருமனதாகவே நிறைவேறுகின்றன — குறைவெண்தான் இல்லை.