நாற்பதில் நான்கு

மீன் ஆய்வுக்கூடத்தில் அவளை எல்லோரும் வாளி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வாளி கழுவ வந்தவள், பதினொரு வருடத்தில் வலை போடவும், மீனை நோகாமல் பிடித்துத் துடுப்பு நுனியை வெட்டவும் கற்றுக்கொண்டுவிட்டாள். வருகைப் பதிவேட்டில் மட்டும் இன்னும் 'துப்புரவு' என்றே இருக்கிறது. ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. நாலு பேர் கூடினால் தூணுக்குப் பின்னால் போய் நிற்பாள். ஆனால் கண் மட்டும் எதையும் விடாது. "உங்கம்மா கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுத்தான் என் சட்டைப் பையைப் பாப்பா" என்று அவள் கணவர் மகளிடம் கேலி செய்வார்.

ஊருக்கு வெளியே ஓர் ஓடை. அதில் விரல் நீள மீன் ஒன்று. வேறு எங்கும் கிடையாது. எத்தனை மிச்சம் என்று தெரிய வேண்டும். ஓடையையே வாரி எண்ண முடியாது அல்லவா? அதனால் அறுபது மீன்களைப் பிடித்து, வயிற்றுப் பக்கத்து இடது துடுப்பின் நுனியை வெட்டித் திரும்ப விட்டார்கள். வெட்டியது அவள். பத்து நாள் கழித்து மறுபடி பிடித்துப் பார்க்க வேண்டும். வெட்டுப்பட்டவை நிறைய சிக்கினால் ஓடையில் மீன் கொஞ்சம்தான். அரிதாகச் சிக்கினால் மீன் ஏராளம். ஐந்நூறைத் தாண்டிவிட்டால் மீனுக்கு உள்ள அரசுப் பாதுகாப்பை எடுத்துவிட்டு, ஓடைக்கு இரு பக்கமும் சிமெண்ட் கட்டிவிடுவார்கள்.

அந்தப் பத்து நாள் இரண்டு மாதமானது. முதலில் வண்டி இல்லை, பிறகு ஆய்வாளருக்குப் பயிற்சி முகாம், அதற்குப் பிறகு அவர் மச்சினன் கல்யாணம்.

ஒருவழியாகப் போன அன்று நாற்பது மீன் சிக்கின. தண்ணீர்த் தொட்டியில் போட்டார்கள். ஆய்வாளர் ஒரு கையில் போனும் மறு கையில் மீனுமாகப் பார்த்தார். "வெட்டு இல்ல. வெட்டு இல்ல. அடுத்தது." கடைசியில் நாலே நாலு. "அறுபத நாப்பதால பெருக்கி, நாலால வகுத்தா அறுநூறு! வாளிக்கா, உங்க மீனுங்களுக்குக் குடும்பக் கட்டுப்பாடுன்னா என்னன்னே தெரியாது போல!"

ஓட்டுநர் விழுந்து விழுந்து சிரித்தார்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் துடுப்பு நுனி இல்லாத மீனைத் தேடுகிறார். இரண்டு மாதத்தில் வெட்டின துடுப்பு வளராதா? வளர்ந்த நுனி, அவசரத்தில் போட்ட தையல் மாதிரி கோணிக்கொண்டு வெளுத்திருக்கும். தொட்டிக்குள் அவள் கண்ணெதிரே அப்படி எத்தனை!

"சரி, விட்டுடுங்க" என்றார் ஆய்வாளர்.

அவள் தொட்டியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "முடியாது."

"என்னக்கா?"

"மறுபடி பாருங்க. துடுப்பு வளந்துடுச்சு. வளந்ததையெல்லாம் வெட்டாததுன்னு எழுதியிருக்கீங்க."

"அக்கா, நான் இதையே இருபது வருஷம் படிச்சவன்."

"படிச்சீங்க. பாக்கலையே!"

ஓட்டுநரின் சிரிப்பு அடங்கியது. அவள் தொட்டியில் புது ஓடைத் தண்ணீர் ஊற்றி, ஈரக்கையில் ஒவ்வொன்றாக எடுத்து, பூதக்கண்ணாடிக்கு அடியில் காட்டினாள். அந்த நாலையும் சேர்த்து வெட்டுப்பட்டவை இருபத்து நான்கு. அறுநூறு, நூறாகிப்போனது.

ஆய்வாளர் நெற்றியைத் துடைத்தார். "இத முதல்லயே சொல்லியிருக்கலாமேக்கா?"

"வண்டி எப்போ, வண்டி எப்போன்னு ரெண்டு மாசமா கேட்டேனே, காதுல விழுந்துச்சா?"

அவள் மீன்களை ஓடையில் விட்டுவிட்டு வந்தபோது, ஆய்வாளர் கையெழுத்துக்குக் கணக்குத் தாளை நீட்டினார். அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். திருத்தத்துக்குக் காரணம்: உதவியாளரின் கவனக்குறைவு.

அந்த வரியில் விரலை வைத்தாள்.

"இத அடிங்க."

"சும்மா ஒரு சம்பிரதாயத்துக்குக்கா."

"அப்போ உங்க பேரைப் போட்டுக்குங்க, சம்பிரதாயத்துக்கு. இல்லன்னா என் கையெழுத்து கிடையாது."

அவர் அடித்தார். "ரெண்டு மாசம் தாமதம்னும் எழுதுங்க" என்றாள். எழுதினார். இரண்டு தடவை படித்த பிறகே கையெழுத்துப் போட்டாள்.

திரும்பும் வழியெல்லாம் ஆய்வாளர், மேலதிகாரியிடம் அடித்தலுக்கு என்ன சாக்குச் சொல்வது என்று ஓட்டுநரிடம் கேட்டுக்கொண்டே வந்தார். உலகத்தில் மிச்சமே நூறு மீன்தானா என்று இரண்டு பேரில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. அவள் வீட்டு வாசலில் இறங்கி, வண்டிக் கதவை ஓங்கிச் சாத்தினாள்.