மிளகுச் சாக்கின் மேல் ஒரு நிறுவனம்

மட்டாஞ்சேரியில் மிளகு வாங்க வருபவன் சரக்கைப் புகழ மாட்டான். சாக்கிலிருந்து ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் தேய்த்து, ஒரு மணியைக் கடித்துப் பார்த்துவிட்டு ஈரம் என்பான், பதர் என்பான். அவனே வாங்குவான். நல்ல சரக்கு என்று தலையசைத்தவன் திரும்பி வருவதில்லை. கடைத்தெருவில் இவ்வழக்கம் பொய்த்து நான் கண்டதில்லை. அதை மிளகோடு நிறுத்தியிருந்தால் எனக்கு இவ்வளவு எரிச்சல் நேர்ந்திராது.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் என் தங்கை மகள் இடப்பள்ளியில் பொறியாளராக இருந்தாள். கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் கருவிகளைச் செய்த ஒரு நிறுவனத்தின் கிளை அது. அந்நிறுவனம் விலைக்கு வருகிறது என்று நாளேட்டில் செய்தி வந்தது. அதே வாரம் சென்னையிலிருந்து வேறொரு நிறுவனம் அவளை வேலைக்கு அழைத்துப் பத்து நாளில் விடை கேட்டிருந்தது. பெரிய நிறுவனம் ஏதேனும் வாங்கினால் இங்கேயே அவளுக்கு உயர்வு; ஒருவரும் வாங்காவிட்டால் கிளை மூடப்படும். போவதா, இருப்பதா?

அவள் தந்தை, என் மைத்துனர், மிளகுத் தரகர். இக்கேள்வியைத் தம் பண்டகசாலைக்குக் கொண்டுபோய்விட்டார். காலைதோறும் சாக்கின் மேல் நாளேட்டை விரித்து, அவரும் பக்கத்துக் கடைச் சுக்கு வணிகரும் வாங்கப்போகிறவரைத் தேடினர். அக்கருவி கைக்கடக்கமா, அலமாரி அளவா என்பதுகூட இருவருக்கும் தெரியாது. ஜப்பானிய நிறுவனம் ஒன்று அவர்கள் பட்டியலில் இரண்டு நாள் தாக்குப்பிடித்தது. தொலைபேசி நிறுவனம் ஒன்று சாயா ஆறுவதற்குள் விழுந்தது. தமிழாசிரியனாக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு ஆங்கிலச் செய்தியைப் படித்துப் பொருள் சொல்லும் வேலை. நான் வாக்கியத்தை முடிக்கும் முன்பே அவர்கள் முடிவுக்கு வந்துவிடுவார்கள்.

ஆறாம் நாள், அமெரிக்க நிறுவனமொன்றின் தலைவர் அக்கருவிகள் பழையவை, விலையும் மிகை என்று சொன்னதாகப் படித்தேன். மைத்துனர் தொடையில் தட்டினார்.

"கேட்டீங்களா மச்சான்! குத்தம் சொல்லிட்டான். அவந்தான் எடுக்கப் போறான்."

"உண்மையிலேயே பழையதாக இருந்தால்?" என்றேன்.

"நீங்க இலக்கணம் பாருங்க. யாவாரத்த நான் பாத்துக்கறேன்."

"சாயா குடிங்க மாஷே," என்று வாத்தியாரான எனக்குச் சொன்னார் சுக்கு வணிகர். "இந்தக் கச்சவடம், யாவாரம் எல்லாம் புஸ்தகத்துல இல்லா."

ஒன்பதாம் நாள் மாலை அவள் என் வீட்டுக்கு வந்தாள். "அப்பாகிட்டப் பறஞ்சு பறஞ்சு மடுத்துப் போச்சு, சலிச்சுப் போச்சு மாமா. நீங்க ஒரு வாக்கு சொல்லுங்க, வரேன்னு இப்பவே சென்னைக்கு எழுதிடறேன்."

நாள்தோறும் எதிர்த்து வாதாடியவன் நான். ஆயினும் அத்தனை நாள் அந்தச் சாக்குகளுக்கு நடுவே அமர்ந்து கேட்டதில், மிளகுக்குப் பொய்க்காதது இதற்கு மட்டும் ஏன் பொய்க்க வேண்டும் என்று எனக்கும் தோன்றத் தொடங்கியிருந்தது. "உன் அப்பா தொழில் அறிந்தவர். சற்றுப் பொறுத்துப் பார்," என்றேன். அவள் எழுதவில்லை.

அமெரிக்க நிறுவனம் வேறொன்றை வாங்கிற்று. அதன் தலைவர் குறை சொன்னது உண்மையிலேயே குறையைத்தான். இரண்டு மாதத்தில் இடப்பள்ளிக் கிளை மூடப்பட்டது. சென்னை இடத்தில் அதற்குள் வேறொருவர் அமர்ந்திருந்தார்.

"மிளகுல இப்படி வந்ததே இல்லியே மச்சான்," என்றார் மைத்துனர், ஏதோ அந்த அமெரிக்கர் முறை தவறிவிட்டதைப் போல.

"அது மிளகா?" என்று கத்தினேன். கத்தும் தகுதி எனக்கு இல்லை என்பதே என் எரிச்சலை இரட்டிப்பாக்கியது.

ஏறக்குறைய ஓராண்டு அவள் சுள்ளிக்கல்லில் உள்ள தங்கள் வீட்டில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். பிறகு ஒருநாள், ஒரு வாரம் தோழி வீட்டில் தங்கிவருவதாகச் சொல்லிப் போனவள் தொலைபேசியில் அழைத்தாள்.

"மாமா, நான் புனேல இருக்கேன். வேலைக்குச் சேர்ந்து நாலு நாளாச்சு."

"ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா அம்மா?"

"சொன்னா இந்தக் கம்பெனியையும் எடுத்துக் கடிச்சுப் பார்ப்பீங்க."

மைத்துனரிடம் சொல்லும் பொறுப்பும் என் தலையில் விழுந்தது. அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு கேட்டார்:

"அந்தப் புனே கம்பெனியப் பத்தி யாராச்சும் குத்தம் சொல்றாங்களா, மச்சான்?"