காலுறை நாற்றம் என்று எழுதினேன்

என்னைப் போல ஒரு மடையனை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் பார்த்திருப்பீர்கள். செனாய் விமான நிலையத்தில் விமானம் ஏறியவராக இருந்தால் நான் உங்களுக்குக் காப்பிகூட ஊற்றியிருக்கலாம். "சூடா இருக்கு, பாத்து" என்று பயணியை எச்சரித்துவிட்டு அதே காப்பியை என் காலில் கொட்டிக்கொண்டவன் நான். அவசரக் கதவு பற்றிய தேர்வில் முதல் மதிப்பெண் வாங்கிவிட்டு, ஹோட்டல் அறைக் கதவைத் திறக்கத் தெரியாமல் வராந்தாவில் துண்டோடு நின்றவனும் நானேதான். இவையெல்லாம் சில்லறை மடத்தனங்கள். பெரியது ஒன்று ஒரு புத்தகத்தில் என் கையெழுத்தில் இருக்கிறது. அதற்கு அடியில் வேறொருவர் ஒப்பமிட்டிருக்கிறார். அவர் இன்று வரை அதற்காக அனுபவித்துக்கொண்டிருக்கிறார்.

எங்கள் தொழிலில் நாற்றத்துக்கு ஒரு கைவைத்தியம் உண்டு. கழிப்பறை நாறினால் காப்பித்தூள் பொட்டலம் இரண்டைக் கிழித்துக் கண்ணாடிக்குப் பக்கத்தில் சொருகிவிடுவோம். தூள் நாற்றத்தை இழுத்துக்கொள்ளும். யார் கண்டுபிடித்தது என்று தெரியாது, பயிற்சியிலும் சொல்லித்தர மாட்டார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே எல்லோரும் கற்றுக்கொண்டுவிடுவோம். அதில் நான் கைதேர்ந்தவன். பொட்டலத்தை எந்த மூலையில் எத்தனை துளை போட்டு வைக்க வேண்டும் என்றுகூட எனக்கு ஒரு கணக்கு இருந்தது. சக ஊழியர்கள் என்னைக் 'காப்பி டாக்டர்' என்று கூப்பிடுவார்கள். அந்தப் பட்டத்தில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. வேறு டாக்டர் பட்டம் என் வம்சத்தில் யாருக்கும் கிடைக்கவில்லை.

அன்று கூச்சிங்கிலிருந்து செனாய்க்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். பிற்பகல். அன்றைக்குக் கடைசிப் பயணம் அதுதான். பின்பகுதிக்குப் பொறுப்பாக இருந்தவர் அக்கா. கூடப் பிறந்தவர் இல்லை. பெக்கான் நானாஸ் ஊர்க்காரர், என்னைவிட எட்டு வருடம் சீனியர். ஞாயிற்றுக்கிழமை வேலை விழுந்தால் தவிர மாதா கோயிலுக்குப் போகாமல் இருக்க மாட்டார். அறிவிப்பு செய்ய ஒலிவாங்கியை எடுத்தால் மலாய், ஆங்கிலம் இரண்டும் தடங்கலே இல்லாமல் ஓடும். விமானம் எவ்வளவு குலுங்கினாலும் அவர் ஊற்றும் காப்பி தட்டில் ஒரு சொட்டுகூடச் சிந்தாது. நான் சிந்தியதைத் துடைப்பதும் அவர்தான்.

விமானம் இறங்கத் தொடங்கியபோது அந்த நாற்றம் வந்தது. மழையில் நனைந்து மூன்று நாள் பைக்குள் கிடந்த காலுறை எப்படி நாறும், அப்படி. நான் உடனே துப்பறியக் கிளம்பினேன். கடைசிக்கு இரண்டு வரிசை முன்னால் செம்பனைத் தோட்ட வேலையிலிருந்து வந்தவர் போல ஒரு பெரியவர் பூட்ஸைக் கழற்றி வைத்திருந்தார். குனிந்து மிகப் பணிவாகச் சொன்னேன். அவர் முகம் சிவந்துபோனது. பூட்ஸைப் போட்டு நாடாவையும் இறுக்கிக் கட்டிக்கொண்டார். நாற்றம் குறையவில்லை.

பின் கதவோரம் எங்களுக்கென்று இருக்கும் மடக்கு நாற்காலியில் அக்கா நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"தம்பி, இது கால் நாத்தம் இல்லடா. கண்ணு எரியுது. கேப்டன்கிட்ட சொல்லணும்."

"அலமாக், அக்கா! காலையில நீங்க சாப்பிட்ட நாசி லெமாக் இப்பதான் வேலை செய்யுது போல லா."

"விளையாடாதடா. தலை என்னமோ பண்ணுது."

"பத்து நிமிஷத்துல இறங்கிடுவோம்கா. டாக்டர் இருக்கேன், கவலைப்படாதீங்க."

நான்கு பொட்டலம் கிழித்தேன். கழிப்பறைகளில் இரண்டு, அக்காவின் தலைக்கு மேலே இரண்டு. காப்பி வாசனை கும்மென்று எழுந்தது. நாற்றம் போய்விட்டது என்று நினைத்தேன். உண்மையில் போனது என் மூக்கு. ஒரே நாற்றத்துக்குள் கொஞ்ச நேரம் இருந்தால் மூக்கு அதற்குப் பழகிவிடும், பிறகு அது இருப்பதே தெரியாது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். விமானத்துக்குள் நாம் இழுக்கும் காற்றில் பெரும்பங்கு, அநேக விமானங்களில், எஞ்சின் வழியாகத்தான் வருகிறது. எஞ்சினில் எண்ணெயை அடைத்து வைக்கும் வளையம் எங்காவது தேய்ந்துவிட்டால் அந்த எண்ணெயின் புகை காற்றோடு உள்ளே வந்துவிடும். கண்ணுக்குத் தெரியாது. அழுக்குக் காலுறை போல நாறும். ஆகவே அப்படி நாறினால் உடனே விமானியிடம் சொல் என்று எங்களுக்கு வருடா வருடம் சொல்லித்தருகிறார்கள். அந்த வகுப்பில் நான் தூங்கவில்லை. விழித்திருந்துதான் கேட்டேன். காலுறை என்ற வார்த்தை வந்ததும் பக்கத்தில் இருந்தவனின் காலைக் காட்டி எல்லோரையும் சிரிக்கவைத்தேன்.

இறங்கியதும் கேபின் புத்தகம் எழுத வேண்டும். உடைந்த இருக்கை, எரியாத விளக்கு, வந்த நாற்றம் எல்லாம் அதில் ஏறும். அக்காதான் எழுத வேண்டியவர். பேனாவை எடுத்தார், விரல் நடுங்கியது. "நீயே எழுதுடா, எழுத்து தெரிய மாட்டேங்குது" என்றார். கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. நாற்றம் என்று முறையாக எழுதினால் பொறியாளர்கள் வருவார்கள், கேள்விகள் வரும், நாங்கள் எல்லோரும் வீட்டுக்குப் போக நேரமாகும். நான் ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் தருகிறேன்: "பின்பகுதியில் பயணியின் காலுறை நாற்றம். காப்பி வைத்தியம் செய்யப்பட்டது. நோயாளி நலம்."

அக்கா படிக்கவில்லை. நான் விரலால் காட்டிய இடத்தில் ஒப்பமிட்டார். நான் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து எங்கள் வாட்சப் குழுவில் போட்டேன். எல்லோரும் சிரித்தார்கள்.

மூன்று நாள் கழித்து அந்த விமானத்தைப் பழுது பார்க்கும் கொட்டகைக்குக் கொண்டுபோனார்கள். எதை மாற்றினார்கள் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் அக்காவுடன் மறுபடி பறந்தேன். இருக்கைப் பட்டையை எப்படிப் பூட்டுவது என்று அவர் அறிவித்துக்கொண்டிருந்தார், நான் நடுவில் நின்று செய்துகாட்டினேன். பாதியில் குரல் நின்றது. திரும்பிப் பார்த்தேன். ஒலிவாங்கியைப் பிடித்தபடி என் கையிலிருந்த பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்த... இந்த..." என்றார். அதன் பெயர் வரவில்லை. வேடிக்கை செய்கிறார் என்று நினைத்து நான் கைதட்டினேன். இரண்டு மூன்று பயணிகளும் சேர்ந்து தட்டினார்கள்.

அதற்குப் பிறகு அவர் பறக்கவில்லை. கை நடுக்கம், மறதி, தலைவலி. பெட்ரோல், நகப்பூச்சு, சென்ட் எதன் வாசனை பட்டாலும் வாந்தி. நிறுவனத்தின் மருத்துவர் மன அழுத்தம் என்று எழுதினார். வெளி மருத்துவர் ஒருவர், இது அந்தப் புகையால் வந்திருக்கலாம், ஆனால் அதை உறுதியாகக் காட்டும் இரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை, அன்று விமானத்தில் என்ன நடந்தது என்ற பதிவுதான் வேண்டும் என்றார். பதிவு இருந்தது. என் பதிவு.

நிறுவனம் மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழு வைத்தது. வேலையால் வந்த நோய் என்று ஏற்றால் சிகிச்சையும் அலுவலகத்தில் ஒரு வேலையும் கிடைக்கும். இல்லையென்றால் மனநிலை காரணமாகத் தகுதியற்றவர் என்று எழுதி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அந்தத் தாளோடு வேறெங்கு வேலை கேட்பது? முதல் அமர்வில் என் மூன்று வாக்கியங்களையும் உரக்கப் படித்துவிட்டு, "இது உங்கள் ஒப்பம்தானே?" என்று அக்காவிடம் கேட்டார்களாம். ஆமாம் என்றிருக்கிறார். சாட்சி கொண்டுவர ஒரு மாதம் கொடுத்தார்கள்.

அன்று சாயங்காலமே எனக்குப் போன் செய்தார்.

"தம்பி, என்ன நடந்துச்சோ அத எழுதிக் குடு. அவ்ளோதான் கேக்குறேன். எனக்கு நோய்ன்னு எழுதட்டும்டா, பைத்தியம்னு எழுத வேணாம்."

"குடுக்குறேன்கா. இன்னைக்கே."

அந்த 'இன்னைக்கே' மூன்று வாரம் ஆனது. பாதுகாப்புப் புத்தகத்தில் பொய் எழுதினேன் என்று ஒப்புக்கொண்டால் என் வேலை போகும். உலு திராமில் என் வீட்டு மேசையில் உட்கார்ந்து எழுதுவேன், கிழிப்பேன். ஒன்றில் 'ஏதோ ஒரு வாசனை' என்று இருந்தது. இன்னொன்றில் அந்தப் பூட்ஸ்காரப் பெரியவரை மறுபடி உள்ளே இழுத்திருந்தேன். ஒரு தடவை அவமானப்படுத்தியது போதாதென்று! எனக்கும் அந்த நாளிலிருந்து தலைவலி இருந்தது. அது புகையா, பயமா என்று இன்றும் தெரியவில்லை. "எழுதிட்டியா?" என்று அக்கா செய்தி அனுப்பினால், தட்டச்சு செய்யும் பூனைப் படம் ஒன்றை அனுப்புவேன். நான்கு தடவை அதே பூனை. ஐந்தாவது தடவை அவர் கேட்கவில்லை.

கேட்காததுதான் என்னை உலுக்கியது. என்னால் முடியாது என்று நேரில் சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்று பெக்கான் நானாஸுக்குப் போனேன். சங்கடமான இடத்துக்குப் போகிறோமே என்று சட்டை நிறைய சென்ட் அடித்துக்கொண்டு போனேன். ஆமாம், அவரிடம்தான்.

அக்கா கேட்டைத் திறக்க வந்தார். சாவி துளைக்குள் போகவில்லை. ஒரு தடவை, இரண்டு தடவை, நான்காவது தடவைதான் போனது. குலுங்கும் விமானத்தில் சொட்டுச் சிந்தாத கை அது. கேட் திறந்ததும் காற்று என் பக்கமிருந்து அடித்தது. அவர் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினார். குளியலறையிலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நான் வாசலிலேயே நின்றேன். திரும்பி வந்தவர் மேசைவிசிறியைத் தூக்கி வந்து தன் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்து, காற்று என்மேல் அடிக்கும்படி திருப்பினார்.

"அங்கேயே நில்லு. இப்ப பேசு."

பேசத்தான் போயிருந்தேன். விசிறி தலைமுடியைக் கலைத்தது. முடியாது என்ற வார்த்தை வரவில்லை.

"நாளைக்குக் கொண்டு வரேன்கா" என்றேன்.

அன்றே எழுதினேன். நாற்றம், கண் எரிச்சல், அவர் கேப்டனிடம் சொல்லச் சொன்னது, நான் சொல்லாதது, காப்பி, பொய், படிக்காமல் அவர் போட்ட ஒப்பம். இரண்டு பக்கம். என் வாழ்க்கையில் நகைச்சுவையே இல்லாமல் எழுதிய முதல் இரண்டு பக்கம்.

இரண்டாம் அமர்வில் குழுத் தலைவர் அதைப் படித்தார். பிறகு கைப்பேசியை என் பக்கம் திருப்பினார். வாட்சப் குழுவில் அன்று நான் போட்ட படம். அதன் கீழே என் வார்த்தைகளும் சிரிப்பு முகங்களும். அவர் மலாயில் கேட்டதைத் தமிழில் சொல்கிறேன்.

"அப்போது எழுதியது ஜோக் என்கிறீர்கள். இப்போது எழுதியது ஜோக் இல்லை என்று நாங்கள் எப்படி நம்புவது?"

வாயைத் திறந்தேன். பதினோரு வருடமாக எந்தக் கேள்விக்கும் என்னிடம் ஒரு பதில் தயாராக இருக்கும். அன்று இருந்தது இரண்டு வார்த்தைதான். பக்கத்தில் அக்கா மடியில் ஒரு கையை இன்னொரு கையால் அழுத்திப் பிடித்து உட்கார்ந்திருந்தார். "உண்மைங்க ஐயா" என்று இரண்டு தடவை சொன்னேன். என் குரலே எனக்கு நடிப்பு மாதிரி கேட்டது. முகத்தைச் சீரியசாக வைத்துக்கொள்ளப் பார்த்தேன். அது எனக்குப் பழக்கமில்லாத முகம். ஒரு பக்கம் உதடு மேலே ஏறிக்கொண்டது. குழுத் தலைவர் அதைப் பார்த்தார்.

கடிதம் இரண்டு வாரத்தில் வந்தது. சாட்சியின் இரண்டு கூற்றுகளும் முரண்படுவதால் புத்தகத்தில் உள்ள பதிவே ஏற்கப்படுகிறது. பணியாளர் மனநிலை காரணமாகத் தகுதியற்றவர். எனக்கும் ஒரு கடிதம் வந்தது, விசாரணை முடியும்வரை பறக்கக் கூடாது என்று. ஒரே விஷயத்தில் என்னைத் தண்டிக்கும்போது நம்பினார்கள், அக்காவைக் காப்பாற்றும்போது நம்பவில்லை.

மறுபடி பெக்கான் நானாஸுக்குப் போனேன். இந்தத் தடவை சென்ட் இல்லை, குளித்ததோடு சரி. கேட்டுக்கு வெளியே நின்றேன். அக்கா சாவியை எடுத்து வரவில்லை. வாசலில் விசிறியை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, கடிதத்தை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் பேசினேன். மேல்முறையீடு செய்வோம், வக்கீல் பார்ப்போம், அந்தப் பூட்ஸ்காரரைத் தேடுகிறேன், மெர்சிங் வரைக்கும் எல்லாத் தோட்டத்திலும் விசாரிக்கிறேன், கொட்டகையில் என்ன மாற்றினார்கள் என்று எவன் காலிலாவது விழுந்து கேட்கிறேன் என்று என்னென்னவோ சொன்னேன். விசிறி ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு தடவை அவர் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"நான் என்னதான்கா செய்யணும்? சொல்லுங்க, எதுவா இருந்தாலும் செய்றேன்" என்று கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"மொதல்ல சோப்ப மாத்து."