‘எங்க போறே’ ஆட்டம்

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஆசிரியப் பயிற்சி முடித்த கையோடு ராயபுரத்தில் கடலோரப் பள்ளி ஒன்றில் சேர்ந்தேன். என் வகுப்பில் மூன்று ஊர்கள் உட்கார்ந்திருந்தன. ஜன்னலோரம் மீனவக் குப்பத்துப் பிள்ளைகள், நடுவில் துறைமுகக் கூலிகளின் பிள்ளைகள், சுவரோரம் வண்ணாரப்பேட்டை முஸ்லிம் வியாபாரிகளின் பிள்ளைகள். ஒருவர் பெயர் மற்றவருக்குத் தெரியாது. “ஏ மீனு”, “ஏ மூட்ட” என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. எதுவுமே பொறுக்காத வயது அது.

ஒரு விளையாட்டு வைத்தேன். எல்லோரும் வட்டமாக உட்கார வேண்டும். ஒருவர் எழுந்து சுற்றி நடக்க, “எங்க போறே?” என்று வட்டமே கத்தும். நடப்பவர் யாராவது ஒருவரின் பெயரைச் சொல்லி, “அவ வூட்டுக்கு” என்று அந்த இடத்தில் போய் உட்காருவார். எழுப்பப்பட்டவர் நடக்க வேண்டும். பெயர் தெரியாவிட்டால் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். வெளியே கிளம்புகிறவரை அப்படிக் கேட்பது எங்கள் வீட்டிலும் ஆகாது. விளையாட்டில் அதற்கென்ன என்று இருந்தேன். சீக்கிரமே எல்லாப் பெயர்களும் எல்லோர் வாயிலும் புரண்டன.

அந்த ஆட்டத்தில் பைத்தியமாக இருந்தவள் குப்பத்துச் சிறுமி ஒருத்தி. வியாபாரி வீட்டுப் பெண் ஒருத்தியைச் சிநேகிதியாகப் பிடித்துக்கொண்டாள். வீட்டில் அப்பாவையும் விடமாட்டாளாம். “எங்க நைனாக்கு ஆடவே தெரில டீச்சர். எப்பக் கேட்டாலும் என் பேரையே சொல்லுது” என்று என்னிடம் குறைபட்டாள்.

ஒரு விடியலில் அவர் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு கட்டுமரத்துக்குக் கிளம்பியபோது, பாயில் படுத்தபடியே கேட்டிருக்கிறாள்: “நைனா, எங்க போறே?” கடலுக்குப் போகிறவரைக் கேட்கக் கூடாத கேள்வி. யாராவது கேட்டுவிட்டால் உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்து, அதன்பிறகு போவது குப்பத்து வழக்கம். அவர் உட்காரவில்லை. சிரித்துக்கொண்டே ஆட்டத்துக்குப் பதில் சொன்னார்: “ஒன் வூட்டுக்குத்தான்.”

அன்று காற்று திரும்பியது. கட்டுமரம் மட்டும் எர்ணாவூர்ப் பக்கம் ஒதுங்கியது.

துக்கம் கேட்கப் போனேன். இறந்தவரின் அக்கா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். “கெளம்பற மனுசன எங்க போறேன்னு கேக்கலாமா டீச்சர்? இஸ்கோல்ல இத்தத்தான் சொல்லித் தர்றீங்களா? எந்தம்பிய முழுங்கிட்டுக் குந்திகினு கீது பாருங்க.”

உள்ளிருந்து சிறுமி அழாமல் பதில் சொன்னாள்: “நைனா என் வூட்டுக்குத்தான் வரேன்னு சொல்லிச்சி அத்தே.”

அம்மா அவள் வாயைப் பொத்தினாள்.

காரியமெல்லாம் முடிந்து பள்ளிக்கு வந்தாள். விளையாட்டு வேளையில் நான் பந்தை எடுத்தேன். அவள் எல்லோரையும் வட்டமாக உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தார்கள். எழுந்து சுற்றி நடந்தாள். யாரும் கேட்கவில்லை. குப்பத்துப் பிள்ளைகள் தரையைப் பார்த்தார்கள். சிநேகிதி கேட்க வாயெடுத்தாள், பக்கத்துப் பையன் அவள் கையைப் பிடித்து இழுத்தான்.

“நீங்களாச்சும் கேளுங்க டீச்சர்.”

“வேணாம்மா. வேற ஆட்டம் ஆடலாம்.”

“கேளுங்க. போய்ட்டு வந்து காட்றேன்.”

கேட்டேன். அவள் சிநேகிதியின் பெயரைச் சொல்லிவிட்டு ஓடினாள். அவளைத் தொட்டாள். ஆனால் அங்கே உட்காரவில்லை. தன் இடத்துக்கே திரும்பி ஓடிவந்து மூச்சிரைக்க நின்றாள்.

“கேட்டாங்க. வந்துட்டேன்ல?” என்று குப்பத்துப் பிள்ளைகளைப் பார்த்துச் சொன்னாள்.

அவர்களில் ஒருவன், வம்பு எதுவும் இல்லாமல், மெதுவாகச் சொன்னான்: “இது தரைதானே. கடலு இல்லியே.”

அவனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“இன்னொருவாட்டி கேளுங்க டீச்சர்.”

கேட்டேன். போய் வந்தாள். மறுபடியும் கேட்கச் சொன்னாள்.